இரண்டரை மணி

மூன்று மணிக்குத் திரும்புங்கள் என்று சொல்லியிருந்தாலும் அந்தப் பெரியவர் நேரத்துக்குக் கப்பலுக்கு வந்து சேர்ந்திருப்பார். எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை. ஆனால் அன்று காலையில் எனக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துப் போட்டால் இரண்டரைதான் வருகிறது. இதில் எதை நம்புவது என்பதுதான் என் பிரச்சினை.

அலாஸ்காவின் ஜூனோவில் ஹெலிகாப்டர் ரத்தாகும் நாள் எப்படி இருக்கும் என்று கப்பலின் ஷோர் எக்ஸ்கர்ஷன் மேசையில், அதாவது பயணிகளுக்குக் கரைச் சுற்றுலா பதிவு செய்யும் மேசையில், உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேகம் மலைமேல் இறங்கிவிட்டது, பறக்க முடியாது என்று கரையிலிருந்து தகவல் வந்துவிட்டது. மெண்டன்ஹால் பனியாற்றின்மேல் இறங்கி, காலில் கிராம்பான் என்ற பனி முள் மாட்டி, வழிகாட்டியோடு நடக்கும் பயணத்துக்குப் பணம் கட்டியவர்கள் எல்லாம் என் முன்னால் வரிசையில் நின்றார்கள். பணம் முழுதாகத் திரும்பிவிடும் என்றதும் பாதிப் பேர் திமிங்கலம் பார்க்கும் படகுக்கு மாறிக்கொண்டார்கள். அவர் மட்டும் என் பெயர்ப் பட்டையைப் படித்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார்.

"காசு கெடக்குதுங்க தம்பி. ஐஸை ஒருதடவை கையில தொட்டுப் பாக்கோணும். ஏரிக்கு மேற்கால நடந்து போற வழி ஒண்ணு இருக்குதாமே?"

இருக்கிறது. வெஸ்ட் கிளேசியர் டிரெயில். போக வர ஏறக்குறைய ஏழு மைல், அதாவது பதினோரு கிலோமீட்டர். பார்வையாளர் மையத்தில் இறங்கி நக்கெட் அருவி வரை போய் வருவது போன்ற நடை அல்ல இது. முதல் பகுதி பனியாற்றின் முன்னால் இருக்கும் ஏரியை ஒட்டி, பாசி படிந்த காட்டுக்குள் சமதளமாகப் போகும். அப்புறம் ஏற்றம், வேர்கள், ஈரப் பாறை. கடைசியில் பனி தேய்த்து வழவழப்பாக்கிய பாறைச் சரிவில் கல் குவியல்களை அடையாளம் பார்த்துப் போக வேண்டும். பனியாறு வருடா வருடம் பின்வாங்குவதால், முன்பு பாதை முடியும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த பனி இப்போது இன்னும் கீழே, இன்னும் தள்ளி இருக்கிறது. 1962-ல் பார்வையாளர் மையத்தைக் கட்டியபோது பனி இருந்த இடத்தில் இன்று தண்ணீர்தான் நிற்கிறது.

அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மின்வாரியத்தில் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் இந்தப் பயணம். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தார். தூரம், ஏற்றம், டாக்சி நேரம், கப்பல் நேரம் எல்லாம் நீல மையில் கட்டம் போட்டு எழுதியிருந்தார். கப்பல் கடிகாரமும் ஜூனோ கடிகாரமும் ஒன்றுதானா என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அனுபவப்பட்ட பயணிகள்கூடக் கோட்டை விடும் இடம் அது. நீலகிரி மலையில் பைப் லைன் ஓரமாக ஏறி இறங்கியே சர்வீஸ் முடித்தவர் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

எங்கள் மேசைக்கு விதி தெளிவானது. சொந்தமாகப் போகிறவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. "பரிந்துரைக்கவில்லை, உங்கள் பொறுப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த விதிக்குக் காரணம் உண்டு. எங்கள் மூலம் போன பேருந்தோ படகோ தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. செக்யூரிட்டி ஆட்கள் அவருடைய அறையைத் திறந்து, பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துக் கரையில் ஏஜென்ட்டிடம் கொடுத்ததும் கப்பல் கிளம்பிவிடும். ஜூனோ ஒரு மாநிலத் தலைநகரம், ஆனால் வெளியூர் போகச் சாலை கிடையாது. விமானம், இல்லாவிட்டால் படகு. இந்திய பாஸ்போர்ட்டோடு ஒரு பெரியவர் அங்கே தனியாக நிற்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "செரிங்க. அப்ப எத்தனை மணிக்குத் திரும்போணும்னு மட்டும் சொல்லுங்க. அந்த டைம் ஆச்சுன்னா எங்க நின்னாலும் திரும்பிருவேன்" என்றார். மழைக்கோட்டை எடுத்து வருகிறேன் என்று மேலே போனார்.

அவர் போன பிறகு மகள் வந்தார். கையில் குழந்தை. "அண்ணா, அப்பா உங்ககிட்ட என்ன கேட்டாருன்னு தெரியும். போகாதீங்கன்னு நான் சொன்னா கேக்க மாட்டாரு. கப்பல்காரங்க நீங்க சொன்னா கேப்பாரு. அம்மா போனதுக்கப்புறம் இப்படித்தான், எதையாவது ஒண்ண பிடிச்சுக்கறாரு." நான் என்ன பதில் சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. "பார்க்கிறேன்" என்பது போல ஏதோ சொல்லியிருப்பேன். அந்தப் பெண்ணின் முகம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பெரியவர் திரும்பி வந்ததும் நாங்கள் இருவருமாகக் கணக்குப் போட்டோம். பதினொன்றுக்குக் கப்பல் கட்டுகிறது. கரைக்கு இறங்கும் கேங்வே பாலத்தில் வரிசை, டாக்சி எல்லாம் சேர்த்துப் பாதை தொடங்கும் இடத்துக்குப் பன்னிரண்டரை. ஆல் அபோர்ட், அதாவது எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம், மாலை ஏழரை. பாதையின் மறுமுனையில் போன் சிக்னலை நம்பி இருக்க முடியாது என்பதால் திரும்பும் டாக்சியை முன்கூட்டியே ஐந்தரைக்குச் சொல்லி வைக்கலாம். பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரை ஐந்து மணி நேரம். சரிபாதி என்றால் மூன்று மணிக்குத் திரும்பலாம். அவருடைய தாளிலும் மூன்று என்றுதான் இருந்தது.

"இரண்டரை வெச்சுக்கங்க சார்" என்றேன். ஒரு வார்த்தை கேட்காமல் மூன்றை அடித்துவிட்டு இரண்டரை என்று எழுதினார்.

பனிக்குள் இருக்கும் குகைகளுக்குள் போகாதீர்கள், மேற்கூரை எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். பனிமேல் ஏறாதீர்கள், ஓரத்தில் தொடுவதோடு சரி என்றேன். இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், வெளிச்சத்தை வைத்து நேரத்தை மதிப்பிடாதீர்கள் என்றும் சொன்னேன். இதெல்லாம் சொன்னதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஈரமான வேர்களில் ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரமாகும். பதினொன்றுக்கு என்று போட்டிருக்கும் கப்பல் கால் மணி பிந்திக் கட்டுவதும் உண்டு. டாக்சி வராமலே போகலாம். கால் பிசகினால் தூக்கி வர ஆள் கிடையாது. ஒன்றுகூட இட்டுக்கட்டியது அல்ல. ஆகஸ்ட் மாதமாக இருந்தால் இன்னொரு காரணமும் சேரும்: 2011 முதல் ஏறக்குறைய ஆண்டுதோறும், பனியாற்றுக்கு மேலே பக்கவாட்டுப் பள்ளத்தில் தேங்கும் நீர் உடைத்துக்கொண்டு வந்து ஏரி பொங்குகிறது, கரையோரப் பாதை மூழ்கிவிடுகிறது. அது ஜூன் மாதம் என்பதால் அந்தப் பயம் இல்லை. மற்றவை இருந்தன. ஆகவே அரை மணி நேரம் நியாயமானதுதான்.

ஆனால் மகள் வந்து பேசியிருக்காவிட்டாலும் அந்த அரை மணியை வைத்திருப்பேனா? வைத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முந்தைய சீசனில் ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி இதே பாதையைக் கேட்டபோது நேரம் எதுவும் சொல்லாமல் "பரிந்துரைக்கவில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எனவே ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

மாலை ஆறரைக்கே மேசைக்கு வந்துவிட்டார். முட்டி வரை சேறு. வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினார். டெவில்ஸ் கிளப் என்று அங்கே ஒரு செடி, இலை அகலமாக அழகாக இருக்கும், தண்டு முழுக்க மெல்லிய முள். வழுக்கும்போது அதைப் பிடித்திருக்கிறார். கட்டைவிரல் அடியில் பொடிப் பொடியாகப் பழுப்பு நிறத்தில் முறிந்த முட்கள். மெடிக்கலுக்குப் போங்கள் என்றால், "இருக்கட்டுங்க, இதப் பாருங்க" என்று போனை எடுத்தார்.

பாறைச் சரிவின் மேலிருந்து எடுத்த படம். முன்னால் ஒரு கல் குவியல். அதற்குக் கீழே, சரிவு முடியும் இடத்தில், நீலமாகப் பனி. நடுவில் அவருடைய மணிக்கட்டு, கடிகாரத்தில் இரண்டு முப்பத்தொன்று. மத்தியானமே மேகம் விலகிவிட்டிருந்தது. படத்தில் வெயில் அடித்தது.

"இன்னும் ஒரு இருவது நிமிசம் எறங்கியிருந்தா தொட்டிருக்கலாம். டைம் ஆச்சு, திரும்பிட்டேன்."

நாலரைக்கெல்லாம் கீழே வந்துவிட்டார். டாக்சி ஐந்தரைக்குத்தான் சொல்லியிருந்தோம். ஏரிக்கரையில் ஸ்கேட்டர்ஸ் கேபின் என்று ஒரு கல் கட்டடம் உண்டு. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் அதே பனியாறு நேர் எதிரே தெரியும்.

அன்று திமிங்கலப் படகு ஒன்று ஆக் விரிகுடாவில் இன்ஜின் கோளாறில் மாட்டிக்கொண்டது. அது எங்கள் பயணம், ஆகவே கப்பல் காத்திருந்தது. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் ஒன்பதுக்கு மேல்தான் கயிற்றை அவிழ்த்தது. அந்த நேரம் முழுக்க அவர் மேசைக்குப் பக்கத்துச் சோபாவில்தான் இருந்தார். பக்கத்து பெர்த்தில் நின்ற கப்பலுக்குக் கரையிலிருந்து கேபிள் போவதைக் கவனித்திருக்கிறார், அதைப் பற்றிக் கேட்டார். 2001 முதலே ஜூனோவில் அந்த ஏற்பாடு உண்டு, உலகத்திலேயே பயணிகள் கப்பலுக்குக் கரை மின்சாரம் முதலில் கொடுத்தது இந்த ஊர்தான், அதுவும் நீர்மின்சாரம் என்றேன். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அப்புறம் அதே குரலில் கேட்டார்:

"தம்பி, அந்த அரை மணி எதுக்கு வெச்சீங்க?"

"மழைக்கு, சார்."

"ம்." கொஞ்சம் யோசித்தார். "தப்பா நெனைக்காதீங்க. நாங்களும் மார்ஜின் வெப்போம். கம்பி போடறப்ப காத்துக்கு இவ்வளவு, சூட்டுல தொய்யறதுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா எழுதி வெப்போம். காத்து இல்லாத எடத்துல அதக் கழிச்சுக்கலாம் பாருங்க. நீங்க மொத்தமா அரை மணின்னுட்டீங்க. மேல நிக்கறப்ப வெயில் அடிக்குது, அது மழைக்கு வெச்சதுன்னு தெரிஞ்சிருந்தா கழிச்சிருப்பேன்."

கோபம் துளியும் இல்லை. சக ஊழியரிடம் வேலை விஷயம் பேசுவதுபோல்தான் பேசினார். அதனால்தான் எனக்குப் பதில் வரவில்லை.

பதில் பிறகு வந்தது, பலவிதமாக வந்தது. மலைமேல் தனியாக நிற்பவர் கையில் கழித்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்தால் எல்லோரும் கழிப்பார்கள். பனி கண்ணெதிரே தெரியும்போது இருபது நிமிடம் என்பது யாருக்கும் பத்து நிமிடமாகத்தான் தோன்றும். திரும்பும் நேரம் என்பது பேரத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தால்தான் வேலை செய்யும். மலை ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் கழித்துத் தள்ளுகிற ஆள் இல்லையே. இரண்டு முப்பத்தொன்றுக்குத் திரும்பியவர். எதை எப்போது கழிக்கலாம் என்று தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே நேரத்தைச் சொல்வது சரியா?

அவர் தொட ஆசைப்பட்ட விளிம்பு இன்று அதே இடத்தில் இருக்காது என்பதும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லக்கூடிய இடம் இல்லை அது.

இரவு கேங்வே பக்கம் மகளைப் பார்த்தேன். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்றார். அப்பா பத்திரமாக, சீக்கிரமே வந்துவிட்டது என்னால்தான் என்று நினைத்திருக்கிறார். அதில் பொய் இல்லை. எனக்கும் அந்தக் குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்ததில் சந்தோஷம்தான்.

இப்போது யாராவது கேட்டால் திரும்பும் நேரத்தைக் காரணத்தோடு பிரித்துச் சொல்கிறேன். இறக்கத்துக்கு இவ்வளவு, டாக்சிக்கு இவ்வளவு, மழைக்கு இவ்வளவு. இதற்கு ஒரு தாள் தயார் செய்து மேலதிகாரியிடம் கொடுத்தேன். நேரம் சொல்வதே யோசனை சொல்வதுதான், தாளாகக் கொடுத்தால் கம்பெனியே அனுப்பியது போலாகிவிடும் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் வாயால் சொல்வதைத் தொடர்கிறேன், அவரும் கண்டுகொள்வதில்லை. சொன்ன நேரத்தைத் தாண்டிப் போய்விட்டு ஆல் அபோர்ட்டுக்குச் சற்று முன்னால் ஓடி வந்தவர்களும் உண்டு. அந்த நாட்களில் இரண்டரை மணிதான் சரியென்று தோன்றும்.

ஆனால் அவர் கேட்டபோது மழைக்கு என்று மட்டும் சொன்னேன். மகள் வந்து பேசினார், அதுவும் அந்த அரை மணிக்குள் இருந்திருக்கலாம் என்று சொல்லவில்லை. அவரது மார்ஜின் கணக்கின்படி அது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. மகளோ என்னை நம்பித் தனியாக வந்து சொன்னவர், அப்பாவிடம் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். இன்னொரு மகளோ மகனோ அப்படி வந்து நின்றால் என்ன செய்வேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.