திருவொற்றியூர் மேல் தளத்துக்கு ஏசி தேர்ந்தெடுத்த அனுபவம்

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலுக்கு மிக அருகில், மேல் தளம். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி ராத்திரி பத்து மணிக்கும் அனலாக இறங்கும். ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் மணலி, எண்ணூர்ப் புகை. அம்மாவுக்கு வீசிங் வேறு. இவற்றுக்கு எது தாங்கும் என்றுதான் முதலில் பார்த்தேன். ஸ்டார் ஸ்டிக்கரெல்லாம் அப்புறம்.

கடையில் ‘ஹாட் அண்ட் கோல்ட்’ மாடலைக் காட்டினார்கள். மார்கழிப் பனியிலும் ஃபேன் போட்டுத் தூங்கும் ஊரில் ஹீட்டருக்கு எதற்குப் பணம்? அதை உடனே தள்ளிவிட்டோம்.

டன் கணக்கில், அதாவது ஏசியின் குளிர்விக்கும் திறனில்தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. 120 சதுர அடி அறைக்குப் பொதுவாக ஒரு டன் சொல்வார்கள். மேல் தளம், மேற்கு வெயில் என்றால் ஒன்றரை. “ரெண்டு டன்னே போட்டுடுங்க சார், சும்மா ஜில்லுன்னு இருக்கும்” என்றார் விற்பனையாளர். சென்னைக்கு அது சரிவராது. தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையைச் சட்டென்று குளிர்த்துவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அது தொடர்ந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் 24 டிகிரியிலும் உடம்பு பிசுபிசுக்கும். ஆகவே முதலில் மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தோம். பிறகு ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி வாங்கினோம். அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஸ்டார் லேபிளில் போட்டிருக்கும் ஆண்டு யூனிட், வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு. நாம் அதைத் தாண்டி ஓட்டுவோம். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் என்பதால் ஐந்து ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்போகாது.

கடலோரத்தில் இருப்பவர்கள் அவுட்டோர் யூனிட்டைக் கட்டாயம் கவனியுங்கள். காப்பர் காயில், அதன்மேல் துருத் தடுப்புப் பூச்சு, கடலைப் பார்க்காத சுவர், துருப்பிடிக்காத ஸ்டாண்டு. எங்களுக்கு மாட்ட வந்தவர் வேக்யூம் பம்ப் இல்லாமல், கொஞ்சம் கேஸை விட்டே குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்றப் பார்த்தார். “அண்ணே, பம்ப் கொண்டு வந்து போடுங்க, நாளைக்கு ஆனாலும் பரவாயில்லை” என்றேன். குழாயில் காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரஸருக்குத்தான் கேடு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஏசி இருந்தால் காற்றும் சுத்தமாகிவிடும் என்று அம்மா நினைத்திருந்தார். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது. அதன் வலை தூசியைப் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. அதற்கு ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் தனியாக வேண்டும். எங்கள் அறை சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று சுத்தமாக வேண்டுமென்றால் 170 கன மீட்டர் தேவை. மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதைப் பெட்டியில் சிஏடிஆர் என்று போட்டிருப்பார்கள்; அந்த எண் 170-க்குக் குறையாமல் பார்த்து வாங்கினோம். ஓசோன் விடும் ரகத்தைத் தொடவில்லை, வீசிங்குக்கு அது ஆகாது.

ஆனால் ஹெப்பா துகளைத்தான் பிடிக்கும், வாயுவை அல்ல. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்ததே, அதுபோன்ற நேரத்தில் இந்த இயந்திரத்தை நம்பி வீட்டில் உட்கார முடியாது. அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். போகிப் புகைக்கு நன்றாகவே உதவுகிறது. அன்றைக்கு மட்டும் விடிவதற்கு முன்பே ஜன்னலைச் சாத்தி, பியூரிஃபையரை முழு வேகத்தில் வைத்துவிடுகிறோம்.