வெட்டும் இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து பேருந்தில் வந்த முதுகலைக் கணித மாணவி ஒருவர், தருமபுரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நோட்டைப் பிரித்து, “படியெல்லாம் சரிதானே சார், பிறகு ஏன் மதிப்பெண் தரவில்லை?” என்று கேட்டார். படிகளில் உண்மையிலேயே பிழை இல்லை.

கேள்வியிலுள்ள துணையலகை, அதாவது தொகையிடும்போது மாறாமல் நிற்கும் எண்ணை, ‘த’ என்றும் மாறியை ‘ய’ என்றும் எழுதுகிறேன். த மிகை எண். சைன்(தய) என்பதை ய-ஆல் வகுத்து, ஏதேனும் இரு மிகை எண்களுக்கு இடையே தொகையிட வேண்டும். அந்தத் தொகையின் மட்டு மதிப்பு, த எதுவானாலும், எல்லைகள் எவையானாலும், ஒரே மாறிலியைத் தாண்டாது என்று நிறுவுவதே கேள்வி. மட்டுக்குறியை உடனே உள்ளே கொண்டுபோனால் மிகை அலைகளும் குறை அலைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் நன்மை போய்விடும். எல்லைகள் விரிய விரிய மடக்கையைப்போல் வளரும் வரம்புதான் மிஞ்சும். மாணவி அந்தத் தவற்றைச் செய்யவில்லை. தொகையை ய = 1 என்ற இடத்தில் இரண்டாக வெட்டியிருந்தார். இடப்பக்கத்தில் சைனின் அளவு தய-வை மிஞ்சாது என்பதால் வரம்பு த. வலப்பக்கத்தில் பகுதித் தொகையிடலால் 2/த. இரண்டும் சேர்ந்த வரம்பு ஒவ்வொரு த-வுக்கும் உண்மை, ஆனால் த பெரிதானாலும் சுழியை நெருங்கினாலும் அது கட்டின்றி வளர்கிறது. ஆளுக்கொரு சட்டை தைத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே போர்வை போர்த்தியதாகச் சொல்ல முடியாது. (நானும் மாணவனாக இருந்தபோது இதே 1-இல்தான் வெட்டினேன், அந்த எண்ணில் அப்படி என்ன கவர்ச்சியோ.)

வெட்டும் இடமும் த-வோடு சேர்ந்து நகர வேண்டும். ய = 1/த என்ற இடத்தில் வெட்டினால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 2, ஆக வரம்பு 3; த மறைந்துவிட்டது. வெட்டும் இடத்தை ச/த என வைத்தால் வரம்பு ச + 2/ச ஆகும். ச-வுக்கு √2 கொடுக்கும்போது அது மிகச் சிறியதாகி, ஏறத்தாழ 2.83 கிடைக்கிறது. தய-வையே புதிய மாறியாகப் பிரதியிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்: த தொகையின் எல்லைகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. உண்மையில் தாண்ட முடியாத மிகச் சிறிய எண், சைன்(ய)-ஐ ய-ஆல் வகுத்துச் சுழியிலிருந்து π வரை தொகையிட்டால் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 1.852. ஃபூரியே தொடர்களில் கிப்ஸ் நிகழ்வை, அதாவது சார்பு தாவும் இடத்தருகே தொடர் அளவு மீறித் துள்ளுவதை, தரும் எண்ணும் இதுவே. ஆனாலும் சீரான வரம்பை, அதாவது எல்லா த-வுக்கும் பொதுவான ஒரே வரம்பை, கேட்கும் இடத்தில் 3 போதும். மிகச் சிறந்த மாறிலியைத் தேடிப் பொழுதைப் போக்குவது தனி ஆசை.

தய-வுக்குப் பதில் யாதேனும் ஒரு மெய்ப் பல்லுறுப்புக் கோவை வந்தாலும், சுழிக்கு இருபுறமும் சமச்சீராகத் தொகையிட்டால், கோவையின் படியை (மிக உயர்ந்த அடுக்கை) மட்டும் சார்ந்த வரம்பு உண்டு என்று கணிதவியலாளர்கள் ஸ்டைனும் வெயிங்கரும் 1970-இல் நிறுவினார்கள். அங்கே வகைக்கெழு சுழியாகும் இடங்களில் அலைவுறும் தொகைகளுக்கு வரம்பு தரும் வான் டெர் கோர்புட்டின் துணைத் தேற்றம் கைகொடுக்கும்.

மாணவி கடைசியாக ஒன்று கேட்டார்: வரம்பு சீரானது என்றால், மேல் எல்லை முடிவிலிக்குச் செல்லும்போது ஒருங்கலும் சீரானதுதானா, அதாவது எல்லா த-வுக்கும் ஒரே வேகத்தில் விடையை நெருங்குமா? இல்லை. சுழியிலிருந்து முடிவிலி வரை தொகையிட்டால், த எவ்வளவு சிறிய மிகை எண்ணானாலும் விடை π/2. த சுழியாகும்போதோ விடை சுழி. மேல் எல்லையை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும், அந்த எல்லையின் தலைகீழியைத் த-வாக எடுத்தால், எல்லைக்கு அப்பால் ஏறத்தாழ 0.62 எப்போதும் மிச்சம் நிற்கும்.