இங்கிலாந்துப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். அதற்கு முன் என்றால் தேவாலயப் பதிவேடுதான்.

முதலில் திருமணச் சான்றிதழை வாங்குங்கள். மணமக்கள் இருவரின் தந்தை பெயரும் தொழிலும் அதில் இருக்கும். ஒரே தாளில் இரண்டு குடும்பம்!

பிறப்பு அட்டவணை (பதிவுகளின் பெயர்ப் பட்டியல்) பழைய ஆண்டுகளுக்குக் காலாண்டு வாரியாக இருக்கும். பதிய 42 நாள் அவகாசம் உண்டு என்பதால் மார்ச்சில் பிறந்தவர் ஜூன் காலாண்டில் (ஏப்ரல் முதல் ஜூன் வரை) கிடக்கலாம். பழைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையிலோ 1837 முதலே உண்டு. ஸ்மித், ஜோன்ஸ்களுக்கு நடுவே தேடுகிறவர்களுக்கு இது வரம். அந்த இடம் காலியாக இருந்தால், பெரும்பாலும் தாய் மணமாகாதவர்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5இன் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். எல்லாக் கணக்கெடுப்பாளரும் அதைப் பின்பற்றவுமில்லை. உறவுமுறை, பிறந்த ஊர் எல்லாம் 1851இலிருந்துதான்.

1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942 தீயில் அழிந்தன. 1941இல் கணக்கே எடுக்கவில்லை. 1921 கணக்கெடுப்புக்குப் பிறகு, போர் தொடங்கியதும் மக்களைப் பதிந்த 1939 பதிவேடுதான் கைகொடுக்கும், அதில் பிறந்த தேதியே இருக்கும்.