கட்டில் அடிக்கறதுக்கு முன்னாடி வேன் மேல தண்ணி அடிச்சு பாருங்க

பழைய வேன வாங்குனதும் நான் செஞ்ச முதல் வேலை கட்டில் அடிச்சதுதான். இன்ஜின் பக்கம்கூட போகல. ஊர் ஊரா போயி உள்ளயே படுத்து தூங்கலாம்ங்கற கனவுல 12 மில்லிமீட்டர் பிளைவுட்டா வாங்கி தரை, கட்டில், அலமாரின்னு ஆசை ஆசையா அடிச்சு முடிச்சேன். ரெண்டு மழை பெஞ்சுது, உள்ள ஈரச்சாக்கு நாத்தம். எல்லாத்தையும் கழட்டி தரைய பேத்து பாத்தா அடியில தண்ணி நிக்குது, தகரம் துரு புடிச்சு கெடக்கு, ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா குத்துனேன், பொசுக்குன்னு உள்ள போயிடுச்சு.

இதுல என்ன கூத்துன்னா தண்ணி தேங்குற எடம் வேற, அது உள்ள நுழையுற எடம் வேற. எனக்கு பின்சக்கரத்து பக்கம் தேங்குச்சு, சரி பின்கதவு ரப்பர்தான் போச்சுன்னு புதுசு மாத்துனேன், ஒண்ணும் ஆகல. கடைசில பாத்தா கூரையில கேரியர் மாட்டுன போல்ட் ஓட்டை வழியா எறங்கி, உள்சட்டத்துக்குள்ளயே ஓடி வந்து பின்னாடி வந்து நின்னுருக்கு. கண்டுபுடிக்க ஒருத்தர் டார்ச்சோட உள்ள உக்காரணும், இன்னொருத்தர் வெளிய இருந்து ஹோஸ்ல தண்ணி அடிக்கணும், அதுவும் கீழ இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு எடத்துலயும் அஞ்சு நிமிஷம் நிறுத்தி மெதுவா மேல போகணும். நான் மொதல்ல கூரையில ஆரம்பிச்சு மொத்த வண்டியயும் நனைச்சுட்டு எங்க ஒழுகுதுன்னே புரியாம முழிச்சேன்.

துரு மேல அப்படியே பெயின்ட் அடிக்காதீங்க, அடியில தின்னுகிட்டே இருக்கும். தகரம் பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் சுரண்டி பிரைமர், பெயின்ட், அதுக்கப்புறம்தான் சீலன்ட், அதாவது இடுக்க அடைக்கற பசை. ஓட்டை விழுந்த எடத்துல பழசை வெட்டிட்டு புது தகரம் வெல்டிங் வைக்கணும், பட்டி போட்டு மூடுனா சும்மா கண்ணுக்குத்தான் அழகு. அப்புறம் ஈரம் எல்லாமே ஒழுகல் இல்ல, ராத்திரி ரெண்டு பேரு மூச்சு விட்டாலே காலைல கண்ணாடி முழுக்க வேர்த்து நிக்கும், ஜன்னல் கொஞ்சம் தெறந்தே இருக்கட்டும்.

தரை காயுற வரைக்கும் சும்மாதான இருக்கோம்னு அப்பதான் ஓட்டத்துக்கான வேலைய பாத்தேன். டயர்ல பட்டன், அதாவது ரோட்டுல பதியுற கட்டைகட்டையான மேடு, நல்லா இருந்துச்சு, ஆனா பக்கவாட்டுல இருக்குற கடைசி நாலு எண்ணு 2312, அதாவது 2012ல 23வது வாரம் செஞ்ச டயர், ஓடாம நின்னாலும் ரப்பர் காஞ்சு வெடிக்கும், நாலையும் தூக்கி போட்டேன். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், ஈரம் ஏறுனா சீக்கிரமே கொதிக்கும், நீளமான மலை எறக்கத்துல மிதிச்சா பெடல் பொதபொதன்னு உள்ள போயிடும். அதையும் மாத்தியாச்சு. ரேடியேட்டர் ஹோஸ் ரெண்டும் உப்பி இருந்துச்சு, அதுவும் புதுசு. இன்ஜின் வால்வ சரியான நேரத்துக்கு தெறந்து மூட வைக்கற டைமிங் பெல்ட் எப்ப மாத்துனதுன்னு வித்தவருக்கே தெரியல, நிறைய இன்ஜின்ல அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே காலி, அதனால யோசிக்காம மாத்திட்டேன். பெல்ட்ட கழட்டும்போது வாட்டர் பம்பும் அதே எடத்துல இருந்துச்சு, சேத்து மாத்தினதுல ரெண்டாவது கூலி மிச்சம்.

கரன்ட்டு விஷயத்துல ஒண்ணே ஒண்ணு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரின்னா ரெண்டையும் பெருக்கி கணக்குக்கு 1200 வாட்-ஹவர், ஆனா பாதிக்கு கீழ அடிக்கடி எறக்குனா பேட்டரி சீக்கிரம் செத்துரும், அதனால கைக்கு கெடைக்கறது 600தான்னு வச்சுக்கங்க. பியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். அந்தப்பக்கம் லைட்டு கிட்ட போட்டா நடுவுல ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது தீப்பிடிக்கறத அது தடுக்காது.

இப்ப கட்டில் ரெண்டாவது தடவ அடிச்சிருக்கேன், நாலே நாலு போல்ட்டுதான், பத்து நிமிஷத்துல தூக்கி வெளிய வச்சுட்டு தரைய பாக்கலாம். பெரிய தண்ணி டேங்க் வைக்கற ஆசையும் போச்சு, 60 லிட்டர்னா 60 கிலோ, அதையும் வண்டிதான சொமக்கணும். போன மழையில டார்ச்ச வச்சுக்கிட்டு உள்ளயே படுத்திருந்தேன், தரை காஞ்சே இருந்துச்சு, முன்கண்ணாடி மூலையில மட்டும் ஒரு சொட்டு. அந்த ரப்பர் இன்னும் வந்து சேரல, அதுவரைக்கும் கீழ ஒரு டம்ளர் வச்சிருக்கேன்.