ஆச்சியின் ஆட்டம்

“அம்மா, அந்தப் பெயரை இன்றைக்கே மாற்று. இல்லையென்றால் விடுதியில் என்னால் தலைகாட்ட முடியாது” என்று மகன் போனில் கத்தினான். அடுக்களையில் சொதிக்குத் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்த எனக்கு முதலில் எந்தப் பெயர் என்றே விளங்கவில்லை. அவன் பெயரைச் சொல்கிறானோ என்று நினைத்தேன். அது அவன் தாத்தா பெயர். அதை மாற்றினால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரியும்.

அவன் சொன்னது ஸ்டீம் டெக்கில் நான் வைத்த பெயரை.

அந்தச் சாமான் தாய்மாமன் சீராக வந்தது. அமெரிக்காவிலிருந்து தம்பி வருகிறான் என்றதும் மருமகனுக்கு மோதிரம் போடுவான் என்று அத்தை கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவன் 669 கிராம் எடையில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கையில் கொடுத்தான். மோதிரமாக இருந்திருந்தால் இத்தனை கிராமுக்கு அவனால் முடிந்திருக்காது என்று இவர் சொன்னார். வால்வ் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட, வீடியோ கேம் விளையாடும் கையடக்கக் கருவி. கையடக்கம் என்பது பேச்சுக்குத்தான். நீளம் முப்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அமெரிக்காவில் வாங்கியது என்பதால் சார்ஜரின் தட்டைக் கால்கள் நம் வீட்டுப் பிளக்கில் நிற்காது. இதற்கென்று மாற்றுப் பின் வாங்கினோம். அதுவும் ஆடாமல் நிற்பது கிரைண்டர் பிளக்கில் மட்டும். ஆகையால் மாவாட்டும் நாளில் யாரும் விளையாட முடியாது.

அரியர் விழுந்ததும் இவர் அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அன்றைக்கு மகன் பேசிய வசனத்தை நான் மறக்கவில்லை. “அம்மா, இதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்காதே. உள்ளே இருப்பது லினக்ஸ் இயங்குதளம். முழுக் கம்ப்யூட்டர். பாடப் புத்தகம்கூட இதில் படிக்கலாம்.” அதற்குச் சாட்சியாகத் தாய்மாமனையும் போனில் கூப்பிட்டான். தம்பியும் விட்டுக்கொடுக்காமல், “அக்கா, 2005-லேயே கொரியாவில் ஜிபி2எக்ஸ் என்று இதேமாதிரி ஒன்று வந்தது. லினக்ஸ்தான். இரண்டு பேனா பேட்டரி போட்டு, 320-க்கு 240 புள்ளித் திரையில் நான் பாடக் குறிப்பெல்லாம் படித்திருக்கிறேன்” என்றான். அவன் அந்த வருடம் வாங்கிய மதிப்பெண் எனக்குத் தெரியும். இருந்தாலும் நம்பினேன். பிள்ளைகள் சொல்வதை நாம் அப்படியே நம்பினால் அவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்றுதான் புரியவில்லை.

எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் மதினி. வீட்டில் இருந்த, புராண இலக்கியப் பெயர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லும் அபிதான சிந்தாமணி என்ற கலைக்களஞ்சியத்தை, “ஒரே ஒரு சந்தேகம் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று வாங்கிக்கொண்டு போனார்கள். சந்தேகம் இன்னும் தீரவில்லை. கேட்டால், “அந்தப் புத்தகமா, உன் வீட்டிலா இருந்தது?” என்கிறார்கள். ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாக உட்கார்ந்து தொகுத்து, 1910-ல் மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட புத்தகம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கம். அதைத் தொகுத்து முடித்தவருக்குக்கூட அதை ஒருவரிடமிருந்து திரும்ப வாங்கும் சாமர்த்தியம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

சாயங்காலம் தொலைக்காட்சியில் மகாபாரதத் தொடர் ஓடும்போது அத்தைக்கு அந்தப் புத்தகம் வேண்டும். யார் அம்பு விட்டாலும், “இவன் யார் மகன்?” என்று கேட்பார்கள். அர்ச்சுனன், கர்ணன் என்றால் நானே சொல்லிவிடுவேன். பூரிசிரவா என்று ஒருவன் வந்து சாத்தியகியோடு மல்லுக்கு நின்றால் நான் எங்கே போவது? போனில் பிடிஎஃப் இறக்கிப் பார்த்தேன். எழுத்து எறும்பைவிடச் சிறிது. மடிக்கணினி இவருடைய பங்குச் சந்தைக்கு நேர்ந்துவிட்டது. பழைய டேப்லெட் பேட்டரி வீங்கி, பரண்மேல் கிடக்கிறது. மிச்சம் இருந்தது பீரோவுக்குள் இருந்த முழுக் கம்ப்யூட்டர்.

பவர் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் டெஸ்க்டாப்புக்குப் போகும் வழி வருகிறது. அங்கே ஆப்புகள் இறக்கும் கடையில் ஒகுலர் என்ற இலவசப் பிடிஎஃப் வாசிப்பான் கிடைக்கிறது. இதுவரை சுகம். ஆனால் அந்த டெஸ்க்டாப்பில் வலது தோள் விசையை அழுத்தினால் இடது கிளிக். இடது விசையை அழுத்தினால் வலது கிளிக். எங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்தவரின் கைவண்ணம் அங்கேயும் தெரிந்தது. தார்சா விளக்குக்குப் போட்டால் அடுக்களை விசிறி ஓடும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இது ஒரு பொருட்டா?

பிடிஎஃப்தான் பொருட்டு. 1993-ல் அது பிறந்ததே, எந்த எந்திரத்தில் திறந்தாலும் பக்கம் அச்சிட்ட தாளில் இருப்பதுபோலவே அசையாமல் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான். நிற்கிறது. அசைய மாட்டேன் என்கிறது. புத்தகப் பக்கம் நெடுக்கு. 7 அங்குலத் திரையோ 1280-க்கு 800 என்று குறுக்கு. முழுப் பக்கத்தையும் அடக்கினால் எழுத்து பொடியாகிவிடும். அகலத்துக்குப் பொருத்தினால் பக்கத்தில் பாதிகூடத் தெரியாது. அபிதான சிந்தாமணி இரண்டு பத்திப் புத்தகம் வேறு. முதல் பத்தியில் அடிவரை இறங்கி, மறுபடி மேலே ஏறி, இரண்டாம் பத்தியில் இறங்கி, அதற்குள் யாரைத் தேடி வந்தோம் என்பதே மறந்து, இன்னொரு முனிவரின் சாபத்தில் போய் மாட்டிக்கொள்வேன்.

தேடு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பூரிசிரவா என்று எழுதினால் ஒன்றும் வராது. பக்கமெல்லாம் ஸ்கேன் எடுத்த படம். படத்துக்கு எழுத்து தெரியாது. அகராதி வரிசைதானே என்று பக்க எண்ணைத் தட்டிப் போனால் ‘நா’வில் விழுவேன். தாண்டித் தட்டினால் ‘மா’. ஸ்கேன் செய்த புண்ணியவான் அட்டை, முகவுரை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியிருப்பதால் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணும் ஒகுலர் காட்டும் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு பக்கத்தில் நூலக முத்திரை சரியாக ஊர்ப் பெயரின்மேல் குத்தியிருக்கிறது. இன்னொரு பக்கத்தின் ஓரத்தில் அந்தப் புண்ணியவானின் கட்டைவிரல், நகமும் சதையுமாக. நகம் வெட்டி நாளாயிருக்கிறது.

பூரிசிரவா அகப்பட்டபோது அங்கே அவன் கை வெட்டுப்பட்டு, தொடரும் போட்டுவிட்டார்கள். “சோமதத்தன் மகன் அத்தை. பாஹ்லிகன் பேரன். பீஷ்மருக்குப் பெரியப்பா பேரன்” என்றேன். “அப்படிச் சொல். பங்காளி. அதனால்தான் சண்டைக்கு வந்திருக்கிறான்” என்று அத்தை ஒரே வார்த்தையில் பாரதத்தை முடித்தார்கள். பிறகுதான் என் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். “இங்கே கொடு.”

கண்புரை அறுவை செய்த பிறகு அத்தை நாளிதழில் தலைப்பு மட்டும் படிப்பார்கள். அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, வெள்ளைத் தாளைக் கறுப்பாகவும் எழுத்தை வெள்ளையாகவும் மாற்றிக் கொடுத்தேன். ஒகுலரில் நிறம் மாற்றும் வசதி இருக்கிறது. ஓர வெள்ளையை வெட்டும் வசதியும் இருக்கிறது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு என்பதால் ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கையோடு நிற்கும். நானே ஒரு நொடி தயங்கித்தான் படிப்பேன். அத்தை படித்த எழுத்தே அதுதான். தடங்கல் இல்லாமல் உரக்கப் படித்தார்கள். பக்கம் முடிந்ததும் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் திரையைப் புரட்டப் பார்த்தார்கள். நான் திசைப் பொத்தானைக் காட்டினேன். அதற்குமுன் துணியால் துடைத்தேன்.

அதன்பிறகு அந்தச் சாமான் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் டெஸ்க்டாப்புக்குப் போய்த் திறந்து கொடுக்க முடியாது என்பதால் ஒரு வேலை செய்தேன். வால்வின் விளையாட்டுக் கடையான ஸ்டீமில் வாங்காத மென்பொருளையும் விளையாட்டுப் பட்டியலில் சேர்க்கலாம். ஒகுலரைச் சேர்த்து, நேரே அந்தக் கோப்பையே திறக்கும்படி வைத்து, திசைப் பொத்தான்களைப் பக்கம் புரட்டவும் பின்புறப் பொத்தான்களை எழுத்தைப் பெரிதாக்கவும் ஒதுக்கி, பெயர் என்ன என்று கேட்ட இடத்தில் ‘அபிதான சிந்தாமணி’ என்று தமிழில் எழுதினேன். இத்தனையும் பார்த்துவிட்டு இவர், “நீ மென்பொருள் கம்பெனிக்குப் போயிருக்கலாம்” என்றார். அப்போதாவது மடிக்கணினியைத் தருவாரா என்று பார்த்தேன். தரவில்லை.

அத்தை நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள். காப்பி ஆறு மணிக்குத்தான். இடைப்பட்ட நேரத்தில் முன்பெல்லாம் எங்கள் எல்லோரையும் எழுப்புவதுதான் வேலை. இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. தார்சாவில் தலையணையில் சாய்ந்து, பக்கத்தைத் திருப்பிவிட்டு, கருவியைச் செங்குத்தாக மடியில் நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். பார்த்தால் தம்பூரா மீட்டுகிற பாவனை. விளையாடினால் அதன் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் கண்ணை மூடிவிடும் என்று மகன் புலம்புவான். அத்தைக்கு அரை நாளும் தாங்குகிறது. விசிறி ஓடுகிற சத்தம்கூடக் கேட்பதில்லை. இடையில் புகுந்தவள் பால் ஊற்ற வருகிற அம்மாள்தான். அத்தையை அந்தக் கோலத்தில் பார்த்தவள் தெருவெல்லாம், “பெரியம்மாவுக்கு வீடியோ கேம் பித்துப் பிடித்திருக்கிறது, விடிவதற்குள்ளேயே ஆரம்பித்துவிடுகிறார்கள்” என்று சொல்லிவிட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு செய்தி பரவ என்ன நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. எதிர்வீட்டுக்காரர் இவரை நிறுத்தி, மனநல மருத்துவர் ஒருவர் தெரியும் என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே தெரு என்றால் அங்கே விடுதி. அந்தக் கருவி மகன் கணக்கில்தான் நுழைந்திருக்கிறது. யார் என்ன விளையாடுகிறார்கள் என்று ஸ்டீம் நண்பர்களுக்குக் காட்டும். கடையில் வாங்காத சரக்காக இருந்தாலும் நாம் வைத்த பெயரோடு காட்டும். ஆகவே தினமும் விடியற்காலை நாலு மணி முதல் அவன் ‘அபிதான சிந்தாமணி’ விளையாடிக்கொண்டிருப்பதாக அவன் நண்பர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கருவி ஊரில் பீரோவில் இருக்கிறது என்று இவன் சத்தியம் செய்தும் எவனும் நம்பவில்லை. பிராஜெக்ட் செய்ய வரச்சொன்னால் தூக்கம் என்கிறாய், இதற்கு மட்டும் எப்படி விழிக்கிறாய் என்று ஒருவன் சண்டை. எத்தனையாவது லெவலில் இருக்கிறாய் என்று ஒருவன் விசாரணை. இப்போது விடுதியில் அவன் பெயர் சிந்தாமணி. மெஸ்ஸில் பரிமாறுகிறவர்கூட, “சிந்தாமணிக்கு இன்னொரு தோசை” என்கிறாராம்.

எங்கள் காலத்தில் கணக்குப் புத்தகத்துக்குள் தொடர்கதையை ஒளித்து வைத்துப் படித்தோம். படிப்பது வெளியே தெரிகிறதே என்று கூசுகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

பெயரை மாற்றலாம் என்று அத்தையிடம் சொன்னேன். யோசித்தார்கள். “மாற்றினால் எதைத் தொடுவது என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். துப்பாக்கி, கார், பிசாசு என்று வரிசையாக இங்கிலீஷ் பெயர்கள். அந்தத் திரையில் அத்தையால் படிக்க முடிந்தது அது ஒன்றுதான்.

பெயரில் கைவைக்க மனம் வரவில்லை. கணக்கை யார் கண்ணுக்கும் தெரியாதபடி வைக்க வழியுண்டு என்று மகனே சொன்னான், அப்படியே வைத்தேன். அவன் மானம் பிழைத்தது. எனக்கும் சொதியைக் கவனிக்க நேரம் கிடைத்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன். அவன் அந்த நேரத்தில் விழித்திருந்து நான் பார்த்ததில்லை. “ஆச்சிக்கு உடம்பு சரியில்லையா?” என்றான். நன்றாகத்தானே இருக்கிறார்கள், ‘கா’வில் காசியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். மூச்சு விட்டான். பக்கத்துக் கட்டில் பையன் எழுப்பிக் கேட்டானாம்: “இன்றைக்கு உன் ஆச்சி வரவில்லையே, என்ன ஆயிற்று?” அவன் ஒருவன்தான் கதையை நம்பியிருக்கிறான். தினமும் அந்தப் பெயர் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பானாம். அவனுக்கு ஆச்சி இல்லை.

“அம்மா, பழையபடி தெரிகிற மாதிரியே வைத்துவிடு. பெயரும் இருக்கட்டும்.”

வைத்துவிடுகிறேன் என்றேன். “அது சரி, விடியற்காலை நாலு மணிக்கு அந்தப் பையன் ஏன் படுக்கப் போகிறான்? நீ எப்போது படுத்தாய்?” என்று கேட்டேன்.

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டான்.