யாரும் கேட்காமலேயே ஸ்டிக்கர் அடித்த பிரிண்டர்

பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் ஆபீஸ் லேபிள் பிரிண்டர் போன வாரம் சரியாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், தானாகவே ஸ்டிக்கர் ஸ்டிக்கராகத் துப்ப ஆரம்பித்தது. முகவரி இல்லை, பார்கோடு இல்லை, ஒவ்வொன்றிலும் வெறும் 4.1, 4.2, 4.1. ஸ்டோர் அக்கா "ஐயோ, ரோல் காலியாவுது லா, யாராச்சும் வாங்க!" என்று கத்த, நாசி கண்டார் பொட்டலத்தைப் பிரித்த கையோடு ஓடினோம். பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

அத்தனையும் குளிரறையின் வெப்பநிலை. பதிவு வைக்கும் லாக் ஃபைலுக்குப் போக வேண்டியது.

விஷயம் என்னவென்றால், ஒரே லினக்ஸ் மெஷினில் இரண்டு புரோகிராம். ரூட் அனுமதியோடு (முழு அதிகாரத்தோடு) ஓடுவது லாக் ஃபைலைத் திறந்து, அனுமதி இல்லாத மற்றதிடம் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே மெஷினுக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் குழாய்) வழியாக ஒப்படைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பட்டர்வொர்த் தம்பி, ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கான அடையாளம்) வெறும் எண்தானே என்று 7ஐ அப்படியே சாதாரண டேட்டாவாக அனுப்பிவிட்டான். ஆனால் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எண் வரிசை தனி. புக்கிட் மெர்தாஜாம் கிளினிக்கில் எடுத்த டோக்கனை இங்கே வந்து நீட்டின கதைதான். வாங்கிய புரோகிராம் லேபிள் அடிக்கும் வேலையையும் பார்க்கிறது. அதன் கணக்கில் 7 என்றால் பிரிண்டர்!

சரி என்று சென்ட்எம்எஸ்ஜி என்ற அனுப்பும் கட்டளைக்கு மாற்றினான். அதில் டேட்டாவுக்குப் பக்கத்திலேயே கண்ட்ரோல் மெசேஜ் ஒன்றும் போகும். எஸ்சிஎம்_ரைட்ஸ் என்று வகை போட்டு அனுப்பினால், திறந்திருக்கும் அந்த ஃபைலையே லினக்ஸின் மையமான கெர்னல் எதிர்ப்பக்கம் சேர்த்து, அங்கே காலியாக உள்ள எண்ணைக் கொடுத்துவிடும். கூடவே ஒரு பைட்டாவது நிஜ டேட்டா போக வேண்டும் என்பதால் தம்பி ஓர் ஆச்சரியக்குறியை அனுப்பினான்.

ஆச்சரியக்குறி வந்தது. ஃபைல் வரவில்லை. எரரும் கிடையாது, வாங்கும் கட்டளையான ரெசீவ்எம்எஸ்ஜி சமர்த்தாக 1 (ஒரு பைட் வந்தது) என்று திருப்பித் தந்தது. சாயங்காலம் வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தால், கண்ட்ரோல் மெசேஜை வாங்கி வைக்கும் பஃபருக்கு அவன் ஒதுக்கியது 4 பைட். "ஒரு நம்பர்தானேண்ணே?" 64 பிட் லினக்ஸில் அந்த மெசேஜின் தலைப்பகுதியான ஹெடருக்கே 16 பைட், எண்ணையும் இடம் நிரப்பும் அலைன்மென்ட்டையும் சேர்த்து 24, இதைக் கணக்குப் போட சிஎம்எஸ்ஜி_ஸ்பேஸ் என்று ஒரு ரெடிமேட் மேக்ரோவே இருக்கிறது. இடம் போதாவிட்டால் கெர்னல் சண்டை போடாது, வெட்டி எறிந்துவிட்டு எம்எஸ்ஜி_சிட்ரங்க் என்ற ஃபிளாகை (எச்சரிக்கைக் குறியை) மட்டும் ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடும். அதை யார் எட்டிப் பார்க்கிறார்கள்?

இப்போது லாக் ஒழுங்காகப் போகிறது. ஆனால் மேனேஜர் அந்த 4.1 ஸ்டிக்கர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இதையே பெட்டி மேல ஒட்டி அனுப்புனா கஸ்டமருக்கு நம்பிக்கை வருமே, எப்போ செஞ்சு தருவீங்க?" என்கிறார். தம்பி அதற்குத்தான் கோடிங் எழுதிக்கொண்டிருக்கிறான். ரோலை மட்டும் ஸ்டோர் அக்கா பூட்டி வைத்துவிட்டார்.