டி மொழியில் இம்யூட்டபிளும் டெம்ப்ளேட்டும்: செய்து பார்த்தது

சிங்கப்பூரில் பொங்கோலிலிருந்து லிட்டில் இந்தியா வரை வடகிழக்கு ரயில் பாதையில் நிறுத்தங்களுக்கு நடுவே மொத்தம் 10 இடைவெளிகள். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு இடைவெளிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தேன். அதைக் கூட்டிச் சொல்ல டி (D) என்ற நிரலாக்க மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிப் பழகலாம் என்று உட்கார்ந்தேன்.

குறித்த எண்கள் இனி மாறாது, அதனால் அவற்றை அடுக்கிய வரிசையை இம்யூட்டபிள், அதாவது மாற்ற முடியாதது, என்று அறிவித்தேன். கூட்டுகிற ஃபங்ஷனை டெம்ப்ளேட்டாக, அதாவது எந்த வகை எண்ணுக்கும் பொருந்தும் அச்சாக, எழுதினேன், நாளைக்கு முழு எண்ணுக்குப் பதில் தசம எண் வந்தாலும் அதே ஃபங்ஷன் ஓடட்டும் என்று. கம்பைல் செய்தால் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றினால்), இம்யூட்டபிள் எக்ஸ்பிரஷனை மாற்ற முடியாது என்று பிழை. வரிசையை நான் தொடவே இல்லையே! பிழை காட்டிய வரியோ மொத்தத்தைக் கூட்டும் வரி.

ஒரு மணி நேரம் முழித்த பிறகு, பிராக்மா என்ற கட்டளையைப் போட்டு டெம்ப்ளேட் எந்த வகையை எடுத்துக்கொண்டது என்று கம்பைலரையே சொல்ல வைத்தேன். இன்ட் (முழு எண் வகை) என்று வரும் என நினைத்தேன், வந்தது இம்யூட்டபிள் இன்ட். அப்போதுதான் புரிந்தது. இந்த மொழியில் மாறாமை என்பது வகையின் மேல் ஒட்டிய லேபிள் அல்ல, வகையிலேயே ஒரு பகுதி; வரிசை உள்ளே வரும்போது அதுவும் கூடவே வருகிறது, மொத்தத்தையும் அதே வகையில் நான் அறிவித்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு கான்ஸ்ட் எண்ணை (மாற்றக்கூடாது என்று குறித்த எண்ணை) மதிப்பாக அனுப்பினால் டெம்ப்ளேட் அந்தக் கான்ஸ்டை உதறிவிடும், அந்தப் பழக்கத்தில் இருந்ததால்தான் எனக்கு இது உடனே பிடிபடவில்லை.

மொத்தத்தை வெறும் இன்ட் ஆக்கினால் பிழை போகும், ஆனால் தசம எண்ணின் பின்னம் பறிபோகும், அப்புறம் டெம்ப்ளேட் எதற்கு? மொழியோடு வரும் நிரல் நூலகத்தில் இருக்கும் அன்குவால் (Unqual) வகையிலிருந்து அந்த மாறாமையை நீக்கித் தருகிறது, அதைப் போட்டதும் ஓடியது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த வழி, ஃபங்ஷன் வாங்கும் வரிசையின் உறுப்புகளையே கான்ஸ்ட் என்று எழுதிவிடுவது. அப்போது வகை சுத்தமாக இன்ட் என்றே கிடைக்கிறது. மாறும் வரிசை, மாறாத வரிசை இரண்டையும் அதே ஃபங்ஷன் ஏற்கிறது. இம்யூட்டபிள் என்றால் இதை யாருமே மாற்ற மாட்டார்கள். கான்ஸ்ட் என்றால் என் கை வழியாக மாறாது, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் எத்தனை முறை படித்தும் ஏறவில்லை, கூட்டல் ஃபங்ஷன் ஒன்றை எழுதியதும் ஏறிவிட்டது.

அடுத்து நிறுத்தப் பெயர்களைத் தமிழில் சேர்த்தேன். டி மொழியில் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்பதே இம்யூட்டபிள் கேரக்டர்களின் வரிசைதான். 'தேக்கா' என்று கொடுத்து நீளம் கேட்டால் 18! எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், அதில் 6 குறியீடுகள். நாம் எண்ணுவது போல தே, க், கா என்று 3 வேண்டுமானால் கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் தொகுப்பு) வழியாக எண்ண வேண்டும். நடுவில் ஒரு பைட்டை மாற்றிப் பார்க்க முயன்றேன், கம்பைலர் விடவில்லை. டப் (dup) போட்டு, மாற்றக்கூடிய நகல் எடுத்து மாற்றினேன், எழுத்து உடைந்தது. ஸ்ட்ரிங்கை இம்யூட்டபிளாக வைத்ததன் அருமை அந்த உடைந்த எழுத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.